வள்ளம் வாங்கிய வள்ளல்

தம்பி,

ஒக்டோபர் பிறந்தால் மெல்பேர்ணில் மீன்பிடிக்காரர் எல்லோருடைய கண்ணும் போர்ட் பிலிப் குடாவின் மேல்தான். ஸ்னாப்பர் மீன் குடாவுக்குள் ஏறுகிற காலம் அது. நவம்பர் முதல் செவ்வாய் குதிரைப் பந்தய விடுமுறை. அன்று விடியமுன்னமே இறங்குதுறைகளில் ட்ரெயிலர்கள் வரிசை கட்டி நிற்கும். இந்த வருடம் நம்மவர்களிலும் சிலர் வள்ளம் வாங்கினார்கள். அவர்களுள் உம்மைப்போல் அள்ளிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. கொடையைக் கண்டும் வாய் திறவாமல் இருப்பது நன்றிகேடு என்று வளர்ந்தவன் நான். ஆகவே இந்த வாழ்த்து.

உம்முடைய வள்ளத்தைப் புகழுமுன், அது மிதக்கப்போகும் நீரைச் சொல்லிவிட வேண்டும். குடாவின் பரப்பு ஏறத்தாழ 1,930 சதுர கிலோமீட்டர். தெற்கே கடல் உள்ளே வரும் வாயை விட்டுவிட்டால், ஆகக்கூடிய ஆழம் 24 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 13 பாகம். ஏறக்குறையப் பாதிக் குடாவில் 8 மீட்டர் ஆழம்கூட இல்லை. கரம் என்ற ஊர்ப் பக்கத்துப் பற்றர்சன் ஆற்று இறங்குதுறையிலிருந்து சில கிலோமீட்டர் ஓடினால் ஸ்னாப்பர் மேயும் தரை வந்துவிடும். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் கரையில் வீடுகள் தெரியும்.

இந்த நீருக்கு நீர் கொண்டுவந்தது ஆறரை மீட்டர் கண்ணாடியிழை வள்ளம். உள்ளே படுக்க அறை, 200 குதிரைவலு எஞ்சின், 250 லிட்டர் எரிபொருள் தாங்கி. அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவம். பின்புறத்தில்கூட 20 பாகைக்கு மேல் சரிவு. பாஸ் நீரிணையின் பெருங்கடல் அலையை வெட்டிக்கொண்டு போக அதைப்போல் நல்ல அடி வேறில்லை. அதன் வடிவமைப்பில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அது பிறந்தது அந்தக் கடலுக்கு. அந்தக் கடலுக்குப் போகும் எண்ணம் உமக்கு இல்லை என்பதை வாங்கிய அன்றே வீட்டில் சத்தியம் செய்து கொடுத்தீர். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் நீர். அதையும் புகழத்தான் வேண்டும்.

ஆழமான 'வி' ஓடும்போது மெத்தென்று போகும். நிற்கும்போது பக்கம் பக்கமாக உருளும். குடாவில் மீன்பிடிப்பது முக்கால்வாசியும் நங்கூரத்தில் நின்று செய்யும் வேலை. அகன்று தட்டையாக வரும் அடி நிற்கும்போது ஆடாது. ஓடும்போது முதுகெலும்பைத் தட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே, 12 முதல் 15 பாகைச் சரிவுள்ள வள்ளங்கள் இந்தக் குடாவுக்கென்றே ஏராளமாக விற்கின்றன. கடையில் அவை முன்வரிசையில் நிற்பதில்லை. நீர் முன்வரிசையைத் தாண்டிப் போகவில்லை. விற்பனையாளர் நின்று விளக்கம் சொல்ல வேண்டிய சிரமத்தை அவருக்கு வைக்காத பெருந்தன்மை அது.

கொடைக்கு வருகிறேன். பாரி முல்லைக்குக் கொடுத்தது ஒரு தேர். நீர் இந்த வள்ளத்துக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரையே கொடுத்துவிட்டீர். வள்ளமும் ட்ரெயிலரும் எரிபொருளுமாக இரண்டு தொன்னைத் தாண்டுகிறது. இரண்டு தொன்னுக்கு மேல் இழுத்தால் எல்லாச் சில்லுக்கும் பிரேக் வேண்டும். ட்ரெயிலர் கழன்றால் தானே பிடிக்கும் பிரேக்கும் வேண்டும். சட்டம் அது. பழைய கார் அந்தப் பாரத்தை இழுக்காது. டீசல் வண்டி வந்தது. அதன் கடனும் வந்தது. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். நீர் வள்ளத்துக்கு அளவெடுத்துத் தைத்த போர்வை கொடுத்தீர். மயிலுக்குக் குளிர் தெரியவில்லை. உம்முடைய வள்ளத்துக்கு உப்புத்தண்ணீர் அதிகம் தெரியவில்லை.

எஞ்சின்காரருக்குக் கொடுத்தீர். கடலை அரிதாகக் காணும் எஞ்சினுக்கும் வருடம் ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், நீரேற்றும் ரப்பர்ச் சக்கரம் பார்க்க வேண்டும். எரிபொருள் நிலையத்துக்குக் கொடுத்தீர்: 200 குதிரைவலுவை முழுவேகத்தில் விட்டால் மணிக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். 30 குதிரைவலு எஞ்சினுக்குப் பத்துப் பதினொரு லிட்டர் போதும். அரசாங்கத்துக்கும் கொடுத்தீர்: வள்ளப் பதிவு, ஓட்டும் அனுமதி, மீன்பிடி அனுமதி. மீன்பிடி அனுமதிக் காசு அதற்கென்ற தனி நிதிக்குப் போகிறது. அதிலிருந்து ஏரிகளில் குஞ்சு விடுகிறார்கள், ஆற்றங்கரைகளைத் திருத்துகிறார்கள். உம்முடைய காசில் வளரும் மீன்களை யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார். கைம்மாறு கருதாத கொடை இதுதான்.

வாங்கிக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. உம்முடைய வள்ளத்தை நீர் தனியே இறக்க முடியாது. ஒருவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க, ஒருவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பக்கக்காற்று அடித்தால் மூன்றாவது ஆளும் வேண்டும். ஆகவே உமக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் உதவிக்கு வரும் மைத்துனருக்கும் கிடைக்க வேண்டும். இரண்டும் கூடிவரும் நாளில் காற்று விழ வேண்டும். இந்த மூன்று கிரகமும் ஒரே வீட்டில் சேர்வது வருடத்தில் எத்தனை தரம்? வள்ளம் வாங்குகிறவர்கள் கடையில் நீளத்தைக் கேட்கிறார்கள், குதிரைவலுவைக் கேட்கிறார்கள். 'இதை நான் ஒருவனாக, இருட்டுக்குள், அரை மணித்தியாலத்தில் இறக்கிவிட முடியுமா?' என்று கேட்பவர்கள் அரிது. அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் துணிபு.

வள்ளத்தின் பெருமை இது. தூண்டிலின் பெருமையைச் சொல்ல எனக்கு ஒளவையின் வாய் வேண்டும்.

தொண்டைமானிடம் தூது போன ஒளவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசி, காவலோடு இருந்த ஆயுதங்களை அவள் புகழ்ந்தாள். அதியமானின் வேலோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கிறது என்று குறைபோலச் சொன்னாள். புறநானூற்றில் 95ஆவது பாட்டு. சென்ற மாதம் நீர் கராஜின் கதவைத் தூக்கியபோது நான் அந்தக் கொட்டிலின் வாசலில்தான் நின்றேன்.

சுவர் முழுக்கத் தூண்டில் தடிகள். அவற்றில் இரண்டு 24 கிலோ நூலுக்கான கனத்த தடிகள். பொன்னிறத்தில் இரட்டை வேக ரீல்கள். போர்ட்லண்டுக்கு அப்பால் பெருஞ்சூரைக்குப் போகிறவர்கள் வைத்திருப்பவை. போர்ட்லண்ட் மெல்பேர்ணிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். மரச்சீப்பு நீளத்தில் நீர்மேல் தெறிக்கும் பொய்மீன்கள் ஒரு பெட்டி நிறைய. வடக்கே பவளப்பார்களில் பெரும்பாரை பிடிக்கச் செய்தவை. அந்தப் பாரை இந்தக் குளிர்நீர்க் குடாவுக்கு வருவதில்லை. ஒவ்வொரு ரீலுக்கும் துணிப்பை. ஒவ்வொரு பொய்மீனும் அதன் கண்ணாடிக் கூட்டுக்குள். அத்தனை தூண்டில் முள்ளிலும் ஒரு துரு இல்லை. ஒரு பல் பட்ட அடையாளம் இல்லை. உப்புக் கறை இல்லை, செதிள் இல்லை, நாற்றம் இல்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் ஆயுதங்களை இவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

டண்டினோங்கில் உம்முடைய வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். மயிலிட்டிக்காரர். 1990இல் ஊரை விட்டு எழும்பியவர். 2017இல் மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தபோது அவர் இங்கே பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். அவருடைய தூண்டில்களைப் பார்த்தால் உமக்கு முகம் சுளிக்கும். பொலித்தீன் பையில் சுற்றிய நாலு தடி. கைபிடியில் தக்கை உரிந்திருக்கும். ரீலின் வர்ணம் போய் உலோகம் தெரியும். முள்ளுகளோ ஒரு பயணத்துக்கு மேல் தங்குவதில்லை. மீன் வாயில் மழுங்கிப்போகின்றன, கழற்றி எறிகிறார். புதிய முள்ளையும் பெருவிரல் நகத்தில் இழுத்துப் பார்ப்பார். நகத்தில் கீறாமல் வழுக்கினால் அரத்தை எடுப்பார்.

அந்த நாலு தடியில் இரண்டு ஸ்னாப்பருக்கு. ஏழடி நீளம், 6 முதல் 8 கிலோ நூல் தாங்கும். நுனி மெல்லியது; கீழே முதுகு உண்டு. 4000 அளவு ரீல். அதில் 20 இறாத்தல் பின்னல் நூல்; அதன் முனையில் ஒரு பாகம் அளவுக்கு 30 இறாத்தல் தங்கூசி. பின்னல் நூல் இழுபடாது, ஆகவே ஒன்பது பாக ஆழத்தில் மீன் முகர்ந்தாலும் விரலுக்குத் தெரியும். ஆனால் மீன் தலையை உதறும்போது விட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். அந்த வேலையை மெல்லிய நுனி செய்கிறது. தங்கூசி ஸ்னாப்பரின் பல்லுக்கும் தரையின் உராய்வுக்கும். முள் 4/0 அல்லது 5/0. நூலில் வழுகி ஓடும் ஈயம், நீரோட்டத்துக்கு நிலம் பிடிக்க எவ்வளவு குறைவாகப் போதுமோ அவ்வளவு. இரை சாளை அல்லது கணவாய்க் கீற்று. ரீலின் பிடியை நூலின் பலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வைப்பார். அதைக் கையால் இழுத்துப் பார்க்கமாட்டார். தராசில் கொழுவிப் பார்ப்பார்.

மற்ற இரண்டு வைட்டிங்குக்கு. நம்மூர்க் கிழங்கான் மீனின் குடும்பம்தான் அது. வாய் சின்னது. ஆறாம் இலக்க நீள்தண்டு முள், 2500 ரீல், 2 முதல் 4 கிலோ தடி, இரைக்கு மட்டிச் சதை. தெற்கே குவீன்ஸ்கிளிஃப் பக்கம் சாதாழைக்கும் மணலுக்கும் இடைப்பட்ட வெளிகளில், மூன்று நாலு பாகத்துக்குள், வள்ளத்தை மெதுவாக வைத்துக்கொண்டு தேடுவார். இந்தச் சின்னத் தடியில் கணவாய்ப் பொய்யிறாலும் கட்டுவார். இவ்வளவுதான் அவருடைய ஆயுதசாலை. விலை முழுவதையும் கூட்டினாலும் உம்முடைய பொன்னிற ரீல் ஒன்றுக்குக் கிட்ட வராது.

அவருடைய வள்ளத்தைப் பற்றிச் சொன்னால் இன்னும் குறைதான். அலுமினியம். 4.2 மீட்டர். பழையது, வலப்பக்கம் நசுங்கல். மேலே கூரை இல்லை. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். 30 குதிரைவலு. வள்ளம், எஞ்சின், ட்ரெயிலர் எல்லாமாக 750 கிலோவுக்குள் அடங்குகிறது. ட்ரெயிலருக்குப் பிரேக்கே தேவையில்லை. மகளின் சின்னக் கார் இழுத்துக்கொண்டு போகிறது. உதவிக்கு ஆளைக் கூப்பிடும் பழக்கமும் அவருக்கு இல்லை. தனியே போய், தனியே இறக்கி, தனியே ஏற்றுவார். எழுபது கடந்தவர் என்பதால் மீன்பிடி அனுமதிக்குக் காசும் கட்டுவதில்லை. பொது இறங்குதுறைகளிலும் கட்டணம் கிடையாது. யாருக்கும் ஒன்றும் கொடுக்காத மனிதர்.

அந்த வள்ளத்தை அவர் வாங்கிய விதமும் அழகில்லை. விற்றவருக்கு அவர் கொடுத்த தொல்லை பார்க்கிறவனுக்கே கூச்சம். கண்ணாடியிழை வள்ளம் ஒன்றை முதலில் பார்த்தார். எஞ்சின் தொங்கும் பின்பலகையைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஓசை மந்தமானது. உள்ளே மரம் ஊறிவிட்டது என்று வேண்டாம் என்றுவிட்டார். பிறகு எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்காமல் ஒரு வள்ளத்தையும் விடவில்லை. பலகை சோர்ந்திருந்தால் எஞ்சின் மட்டும் அசையாது, பலகையும் சேர்ந்து வளையும். அலுமினியத்தில் ஒட்டு ஓடிய இடங்களையும் ஆணித் தலைகளையும் விரலால் தடவினார். வள்ளத்துக்குள் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று சோதிக்கவும் கேட்டார். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். குளிர்ந்திருக்கையில் எத்தனை இழுப்பில் பற்றுகிறது என்று பார்க்க வேண்டுமாம். பற்றியதும் பின்பக்கம் குளிர்நீர்த் தாரை வருகிறதா என்று குனிந்தார். கியர் எண்ணெயை ஒரு துளி விரலில் எடுத்தார். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

கடைசியாக வள்ளத்தில் அடித்திருந்த கட்டுநர் தகட்டைப் படித்தார். எத்தனை பேர், எவ்வளவு பாரம், ஆகக்கூடியது எத்தனை குதிரைவலு, எல்லாம் அதில் இருக்கும். அவர் நாலு பேர் என்று எழுதியிருந்த வள்ளத்தை இரண்டு பேருக்கு என்று வாங்கினார். நீர் ஆறு பேர் என்று எழுதியிருந்ததை வாங்கி முதல் ஓட்டத்தில் ஏழு பேரை ஏற்றினீர். இனசனத்தை அணைத்துப் போகும் உம்முடைய மனசுக்குத் தகடு எம்மாத்திரம்?

மீன்களுக்கு நீர் காட்டும் கருணையைச் சொல்லாமல் விட்டால் வாழ்த்து முற்றுப்பெறாது. ஸ்னாப்பர் நன்றாக எடுக்கும் வேளை விடியலும் பொழுதுபடும் நேரமும், நீரோட்டம் திரும்பும் சமயமும். நீர் பத்து மணிக்குத் துறைக்கு வருகிறீர். அந்நேரம் பெரியவர் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருப்பார். ஐந்து பாகத் தரைமேல் 200 குதிரைவலுவில் பறந்து வந்து, மீன் கூட்டத்தின் தலைக்கு நேரே எஞ்சினை நிறுத்தி, நங்கூரத்தையும் சங்கிலியையும் அங்கேயே விழவிடுகிறீர். மீனுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கொடுக்க முடியாது. பெரியவரோ காற்றுக்கு மேலே தள்ளி நின்று, சத்தம் இல்லாமல் நங்கூரத்தை இறக்கி, கயிற்றை விட்டு விட்டுப் பின்னுக்கு வந்து, அறியாமல் கிடக்கும் மீனின்மேல் இரையை விடுகிறார். 12 அங்குலத் திரையில் உம்முடைய சவுண்டர் மீன்களை வளைவு வளைவாகக் காட்டுகிறது. அவருடையது 5 அங்குலம். அவர் அதில் மீனைத் தேடுவதில்லை. தரை மண்ணா, சேறா, மட்டி படிந்ததா என்று பார்க்கிறார், ஆழம் மாறும் விளிம்பைப் பார்க்கிறார். பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதே குறைவு.

சட்டத்தை மதிப்பதிலும் உம்மை மிஞ்ச ஆளில்லை. 28 சென்றிமீட்டருக்குக் குறைந்த ஸ்னாப்பரை வைத்திருக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து. அதில் 40 சென்றிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை மூன்றுதான். வைட்டிங் 27 சென்றிமீட்டர், இருபது. உம்முடைய ஐஸ்பெட்டியை எந்த அதிகாரி எந்த நேரத்தில் திறந்தாலும் ஒரு விதிமீறலும் கண்டுபிடிக்க மாட்டார். குடாவில் வலைத்தொழிலை 2022இல் நிறுத்தினார்கள். மீன் பெருகட்டும் என்று அந்தத் தொழிலை விட்டு விலக்கப்பட்டவர்கள் வலைக்காரர்கள். அந்த வரிசையில் உம்முடைய பங்கையும் வைத்து எண்ணலாம்.

பெரியவரிடம் இன்னொரு குறை: பயந்த சுபாவம். முன்னறிவிப்பில் தென்மேற்கு என்று கண்டால், ஊரில் சோளகம் பார்த்துப் பழகிய கண்ணால் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். வானிலைப் பணியகம் சொல்வது சராசரிக் காற்று. வீச்சு அதைவிட 40 சதவீதம் கூட இருக்கலாம், அலை சொன்ன உயரத்தைப்போல் இரண்டு மடங்கும் வரலாம் என்று பணியகமே எழுதி வைத்திருக்கிறது. ஆழம் குறைந்த குடாவில் அந்த அலை நீண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கிழக்குக் கரையில் நிற்பவனுக்குத் தென்மேற்கு முழுக்குடாவின் அகலத்தையும் கொண்டுவந்து கொட்டும். பாதி ஐஸ்பெட்டி வெறுமையாக இருந்தாலும் அவர் திரும்பிவிடுவார். நீர் திரும்புவதில்லை. வள்ளம் பெரியது என்ற நம்பிக்கை உமக்கு இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்குப் புகழ வாய் வரவில்லை, தம்பி. இனி எழுதுவதை வாழ்த்தாக எடுக்க வேண்டாம்.

போன மாதம் நீர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உம்முடைய வள்ளம் பின்புறத்தில் நங்கூரம் கட்டி நின்றது. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சின் தொங்குகிற பக்கம் அது. வள்ளத்தில் ஆகத் தாழ்ந்த பக்கமும் அதுதான். அங்கே கயிற்றைக் கட்டினால் வரும் அலை ஒவ்வொன்றும் வாயகன்ற பக்கத்தில் ஏறும். வள்ளம் எழும்ப முயலும்; கயிறு எழும்ப விடாது. இரண்டு அலை உள்ளே வந்தால் மூன்றாவதற்கு வேலையில்லை. நங்கூரம் அணியத்தில், முன்புறத்தில், கட்டுவது. முதலில் சங்கிலி, பிறகு கயிறு. ஆழத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல், காற்று கூடினால் ஐந்து மடங்கு. எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. உமக்குத் தெரியாதது உம்முடைய குற்றமில்லை. தெரிந்துகொள்ளாமல் மறுபடி போவது குற்றம்.

அதே படத்தில் ஏழு பேர். பெரியவர்கள் ஒருவரும் உயிர்காப்பு அங்கி போட்டிருக்கவில்லை. 4.8 மீட்டரும் அதற்குள்ளும் உள்ள எஞ்சின் வள்ளத்தில், ஓடும்போது திறந்த பகுதியில் இருக்கும் எல்லோரும் அங்கி போட்டிருக்க வேண்டும் என்று விக்டோரியாவில் 2005இலிருந்து சட்டம். உம்முடைய வள்ளம் அதைவிட நீளம். சிறுபிள்ளைகளுக்குச் சட்டம் தனியே உண்டு. பெரியவர்கள் ஆபத்து மிகுந்த வேளைகளில் மட்டும் போட்டால் போதும். பெரிய வள்ளம் வாங்கி நீர் உண்மையில் பெற்ற சலுகை இது ஒன்றுதான். தயவுசெய்து அதைப் பயன்படுத்த வேண்டாம். குளிர்காலத்தில் குடாவின் நீர் பத்துப் பதினொரு பாகைக்கு இறங்கும். அந்த நீரில் விழுந்தவன் முதலில் செய்வது மூச்சை உள்ளே இழுப்பது. முகம் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே கடைசி. விழுந்த பிறகு அங்கியைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம் என்பது கரையில் நிற்பவர்களின் எண்ணம். எஞ்சினை நிறுத்தும் சுருள்கயிற்றையும் ஓட்டுகிறவர் காலிலோ இடுப்பிலோ கொழுவ வேண்டும். அது சாவிக்கொத்துக்கு அலங்காரமாகத் தொங்க விடுவதற்கல்ல. விஎச்எஃப் வானொலி உம்மிடம் இருக்கிறது. 16ஆம் அலைவரிசையில் எப்படிப் பேசுவது என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடும். நீர் விழுந்துவிட்டால் பேச வேண்டியவர் உம்முடைய மனைவி.

தெற்கு வாய்க்கு, 'ரிப்' என்கிறார்களே, அங்கே அடுத்த முறை போய்ப் பார்க்கலாம் என்று மைத்துனர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பொயின்ற் நெப்பியனுக்கும் பொயின்ற் லோன்ஸ்டேலுக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குள் முழுக் குடாவின் நீரும் ஏறி இறங்குகிறது. இறங்கும் நீரோட்டத்துக்கு எதிராகத் தென்காற்று நின்றால் அங்கே அலை எழும்புவதல்ல, நிற்கிறது. பெரிய கப்பல்களே வழிகாட்டியோடு வருகிற இடம். அங்கே போக வேண்டாம். வீட்டில் செய்து கொடுத்த சத்தியம் நினைவிருக்கட்டும்.

வள்ளத்தை என்ன செய்வது என்று கேட்பீர். விற்றுவிடும். எல்லோரும் கடலைப் பார்க்கும் ஒக்டோபரைவிட விற்க நல்ல மாதம் கிடைக்காது. வருகிற காசில் நாலு மீட்டருக்கும் நாலரைக்கும் இடையில், நீர் ஒருவராகவே இறக்கி ஏற்றக்கூடிய ஒன்றை எடும். விளிம்பு உயரமாக இருக்கட்டும். பிள்ளைகளோடு போகிறவர் நீர். தகட்டில் சொன்ன குதிரைவலுவில் முக்கால் பங்கு இருந்தால் இந்தக் குடாவுக்கு நிறைய. வள்ளம் வாங்க வைத்திருக்கும் காசில் ஒரு பங்கை முதலிலேயே பிரித்து, நல்ல அங்கிகள், நங்கூரம், சங்கிலி, கயிறு, எரிகுழல்கள், வானொலி என்று எடுத்துவிட்டு, மிச்சத்தில் வள்ளத்தைத் தேடும். கராஜில் உள்ள தடிகளில் ஏழடித் தடி ஒன்று இருக்கிறது, மூலையில், விலைச்சீட்டுக்கூட அறுக்காமல். கடையில் இலவசமாகத் தந்தது என்றீர். உம்முடைய தேர்வில் இந்தக் குடாவுக்குப் பொருந்துவது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ளும்.

விற்கமாட்டேன் என்றால் அதையும் நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் இன்னொரு முறை குடும்பத்தை ஏற்றுமுன் பெரியவரோடு சில காலைகள் போய் வாரும். நான் அவரிடம் பேசிவிட்டேன். கூட்டிப்போகச் சம்மதம் என்றார். "ஆளை நாலரைக்கு வாசலில நிக்கச் சொல்லு, மிச்சத்த தண்ணியில பாப்பம்" என்றார். அவருடைய வள்ளம் 4.2 மீட்டர். உமக்குரிய உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வாரும். அது இல்லாமல் அவர் ஏற்றமாட்டார்.